தாளில் இருந்த தேர்வைக் கணினிக்குக் கொண்டுவருதல்: ஒரு செய்முறை வழிகாட்டி

அச்சிட்ட வினாத்தாளை அப்படியே தட்டச்சு செய்து ஓர் இணையப் படிவத்தில் ஏற்றிவிட்டால் கணினிவழித் தேர்வு தயாராகிவிட்டது என்று கருதுவோர் பலர். அச்சுச் செலவும் திருத்தும் நேரமும் மிச்சமாகும் என்ற அளவில் அதில் பயன் உண்டு. ஆனால் தேர்வரின் விடைக்கேற்ப அடுத்த வினாவைத் தேர்ந்தெடுப்பது, அவர் விடையை எட்டிய வழியைப் பதிவுசெய்வது, ஒவ்வொரு மதிப்பெண்ணையும் அதன் பிழை அளவோடு சேர்த்து உடனுக்குடன் தருவது ஆகியவற்றைத் தாளைக் கொண்டு பெருந்திரளான தேர்வர்களுக்குச் செய்ய முடியாது. கணினியைக் கொண்டு செய்யலாம். கல்வித் துறையிலோ உளவியல் துறையிலோ தமக்கென ஒரு தேர்வை உருவாக்க முற்படும் ஆசிரியர் குழுக்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. இதில் நான் திரும்பத் திரும்ப வலியுறுத்துவது ஒன்றே: தேர்வை வைத்து எடுக்கப்போகும் முடிவு என்ன என்பதை முதலில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும், ஒவ்வொரு புதுமையும் அந்த முடிவுக்கு எவ்வளவு சான்று சேர்க்கிறது என்று அளந்து பார்த்த பிறகே அதை ஏற்க வேண்டும்.

முடிவிலிருந்து தொடங்குங்கள்

மென்பொருளைத் திறப்பதற்கு முன் ஒரு பக்க அளவில் ஓர் ஆவணம் எழுதுங்கள். யார் தேர்வு எழுதப் போகிறார்கள், எந்தத் திறனை அல்லது பண்பை அளக்கிறோம், மதிப்பெண் வந்தபின் யார் என்ன செய்வார்கள், தகுதியுள்ளவரைத் தவறாக விலக்கினால் என்ன இழப்பு, தகுதியற்றவரைத் தவறாகச் சேர்த்தால் என்ன இழப்பு ஆகியவை அதில் இருக்க வேண்டும். இந்த ஆவணம்தான் பின்னால் வரும் எல்லாக் கேள்விகளுக்கும் விடை தரும்.

எடுத்துக்காட்டாக, அமெரிக்காவில் செவிலியர் உரிமம் பெறுவதற்கான என்.கிளெக்ஸ் தேர்வு தேர்ச்சியா இல்லையா என்ற ஒரே முடிவுக்காக நடத்தப்படுகிறது. 1994 முதல் தகவமைத் தேர்வாக, அதாவது விடைக்கேற்ப அடுத்த வினா மாறும் தேர்வாக, நடக்கும் அதில், தேர்வரின் திறன் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே இருக்கிறது என்றோ கீழே இருக்கிறது என்றோ 95 விழுக்காடு உறுதி கிடைத்தவுடன் தேர்வு நின்றுவிடும். 2023 ஏப்ரல் முதல் அதன் குறைந்தபட்ச வினா எண்ணிக்கை 85, அதிகபட்சம் 150. கோட்டிலிருந்து தொலைவில் இருப்பவருக்குக் குறைவான வினாக்கள் போதும். கோட்டை ஒட்டி நிற்பவருக்குத்தான் கூடுதல் வினாக்கள் தேவை. அத்தகைய தேர்வுக்கு வினாக்களின் பெரும்பகுதி தேர்ச்சிக் கோட்டைச் சுற்றியே அமைய வேண்டும். மாறாக, நோயாளி ஒருவரின் சோர்வோ மனத்தளர்ச்சியோ மாதத்துக்கு மாதம் எப்படி மாறுகிறது என்று பார்க்கும் தேர்வுக்கு, அளவுகோலின் நீளம் முழுவதும் வினாக்கள் பரவியிருக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் ஒரே வினா வங்கி பொருந்தாது.

எந்த வடிவம்?

மூன்று வடிவங்கள் உங்கள் முன் இருக்கின்றன. எல்லோருக்கும் ஒரே வினாத் தொகுப்பைத் தருவது நேர்கோட்டுத் தேர்வு. ஒவ்வொரு விடைக்குப் பின்னும் அடுத்த வினாவைக் கணினி தேர்ந்தெடுப்பது முழுத் தகவமைத் தேர்வு. முதல் பகுதியை எல்லோருக்கும் பொதுவாக வைத்து, அதில் பெற்ற மதிப்பெண்ணுக்கேற்ப எளிய அல்லது கடினமான இரண்டாம் பகுதிக்கு அனுப்புவது பலகட்டத் தேர்வு.

தகவமைக்கும் எண்ணம் கணினியைவிடப் பழையது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் ஆல்ஃபிரட் பினே உருவாக்கிய அறிவுத்திறன் சோதனையில், குழந்தையின் விடையைப் பார்த்து எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்று சோதனையாளரே முடிவு செய்தார். ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோருக்குத் தேர்வு நடத்த வேண்டி வந்தபோது அந்த நெகிழ்ச்சி கைவிடப்பட்டது. கணினி அதை மீட்டுத் தந்தது. பட்டமேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜி.ஆர்.இ. தேர்வு 1993-இல் வினாவுக்கு வினா தகவமைக்கும் வடிவத்தைக் கொண்டுவந்தது. ஆனால் 2011-இல் பகுதிக்குப் பகுதி தகவமைக்கும் முறைக்கு மாறியது. பல நாடுகளின் பள்ளி மாணவர்களை ஒப்பிடும் பிசா மதிப்பீட்டின் 2018-ஆம் ஆண்டு வாசிப்புத் தேர்வும் பலகட்ட முறையைக் கைக்கொண்டது. அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான இன்றைய எஸ்.ஏ.டி. தேர்வும் அம்முறையிலேயே நடக்கிறது: தாளில் 154 வினாக்களுடன் 3 மணி நேரம் நடந்த அத்தேர்வு, இப்போது 98 வினாக்களுடன் 2 மணி 14 நிமிடங்களில் முடிகிறது.

பலகட்ட முறைக்கு ஆதரவு பெருகியிருப்பதற்கு உறுதியான காரணங்கள் உண்டு. ஒரு பகுதிக்குள் தேர்வர் முன்னும் பின்னும் சென்று விடையை மாற்றலாம். முழுத் தகவமைத் தேர்வில் பெரும்பாலும் அது இயலாது, பலருக்கு அந்தத் தடை பதற்றத்தையும் தருகிறது. ஒவ்வொரு பகுதியையும் பாட வல்லுநர்கள் முன்கூட்டியே படித்துப் பார்த்து ஒப்புதல் தரவும் முடியும். முதன்முறையாகத் தேர்வு உருவாக்கும் குழுவுக்கு இரண்டு கட்டத் தேர்வையே நான் பரிந்துரைப்பேன். போதிய வினா வங்கியும், அதை அளவுத்திருத்தம் செய்ய (அதாவது, ஒவ்வொரு வினாவின் கடினத்தன்மை போன்ற அளவுகளை விடைகளிலிருந்து கணக்கிட) போதிய தேர்வர் எண்ணிக்கையும் இல்லாமல் முழுத் தகவமைத் தேர்வில் இறங்கக் கூடாது.

அடிப்படைக் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

தகவமைத் தேர்வு ஏன் குறைந்த வினாக்களில் முடிகிறது என்பதைக் கணக்காகப் பார்க்காதவர்கள் மென்பொருள் தரும் எண்களை அப்படியே நம்பிவிடுவார்கள். அதனால் இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஐ.ஆர்.டி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் வினா மறுமொழிக் கோட்பாடு, தேர்வரின் திறனையும் வினாவின் கடினத்தன்மையையும் ஒரே அளவுகோலில் வைக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த ஜார்ஜ் ராஷ் 1960-இல் வெளியிட்ட கணித மாதிரி இக்கோட்பாட்டின் மாதிரிகளுள் மிக எளியது. அதன்படி, திறனும் கடினத்தன்மையும் சமமாக இருந்தால் சரியான விடை வருவதற்கான வாய்ப்பு 50 விழுக்காடு. திறன் ஓர் அலகு கூடுதலாக இருந்தால் 73, இரண்டு அலகு கூடுதலாக இருந்தால் 88, மூன்று அலகு கூடுதலாக இருந்தால் 95 விழுக்காடு. சரியாக விடையளிக்கும் வாய்ப்பையும் தவறும் வாய்ப்பையும் பெருக்கினால் அந்த வினா தரும் தகவலின் அளவு கிடைக்கும். சமநிலையில் அது 0.25; மூன்று அலகு தள்ளியிருக்கும் வினாவில் 0.045 மட்டுமே. அதாவது, திறன் மிக்க ஒருவரிடம் மிக எளிய வினாவைக் கேட்பதால் கிடைக்கும் செய்தி, அவருக்குப் பொருத்தமான வினாவைக் கேட்டால் கிடைப்பதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. தாள் தேர்வில் ஒவ்வொரு தேர்வரும் இத்தகைய வினாக்களில் நெடுநேரத்தைச் செலவிடுகிறார்.

வினாக்கள் தரும் தகவலைக் கூட்டி, அதன் வர்க்கமூலத்தால் ஒன்றை வகுத்தால் திட்டப்பிழை, அதாவது திறன் மதிப்பீட்டின் பிழை அளவு, கிடைக்கும். மிகச் சரியாகக் குறிவைத்த 20 ராஷ் வினாக்களின் மொத்தத் தகவல் 5. திட்டப்பிழை ஏறத்தாழ 0.45. பிழையை 0.30-க்குக் குறைக்க வேண்டுமானால் தகவல் 11-க்கு மேல் வேண்டும். அதற்கு 45 வினாக்கள் தேவை. இந்த 0.30 என்பது, திறன்களின் திட்டவிலக்கம் ஒன்றாக இருக்கும்போது, 0.91 நம்பகத்தன்மைக்குச் சமம்.

இப்போது வினாவின் பிரித்தறியும் ஆற்றலையும் (திறன் கூடியவரையும் குறைந்தவரையும் அது எவ்வளவு கூர்மையாகப் பிரிக்கிறது என்பதையும்) கணக்கில் சேர்க்கும் இரு அளவுரு மாதிரிக்கு வருவோம். இங்கே தகவல் அந்த ஆற்றலின் வர்க்கத்தால் பெருக்கப்படுகிறது. ஆற்றல் 1.7 உள்ள ஒரு வினா தன் உச்சத்தில் 0.72 தகவல் தருகிறது. அத்தகைய 16 வினாக்களே 0.30 பிழையை எட்டிவிடும். 45-க்கும் 16-க்கும் இடையிலான இந்த வேறுபாடு முழுவதும் வினாவின் தரத்தால் வருவது. தெளிவில்லாமல் எழுதப்பட்ட வினாக்களை எந்தத் தேர்ந்தெடுப்பு வழிமுறையாலும் ஈடுசெய்ய முடியாது. எனவே உங்கள் நிதியில் பெரும்பங்கை மென்பொருளுக்கு ஒதுக்காமல் வினா எழுதுவோருக்கும் சரிபார்ப்போருக்கும் ஒதுக்குங்கள்.

தேர்வு நடக்கும்போது திறன் மதிப்பீடு எப்படி நகர்கிறது என்பதையும் ஒருமுறை கையால் போட்டுப் பார்ப்பது நல்லது. சராசரி சுழியம், திட்டவிலக்கம் ஒன்று என்ற முன்னனுமானத்துடன் (விடைகள் வருமுன் திறனைப் பற்றி நாம் வைக்கும் கணிப்புடன்) தொடங்குகிறோம் என்று கொள்வோம். கடினத்தன்மை சுழியமாக உள்ள முதல் ராஷ் வினாவுக்குச் சரியான விடை வந்தால் மதிப்பீடு 0.41-க்கு உயர்கிறது, அதன் நிச்சயமின்மை 1-இலிருந்து 0.91-க்கு மட்டுமே குறைகிறது. அடுத்து 0.4 கடினத்தன்மையுள்ள வினா வருகிறது. அதில் தவறினால் மதிப்பீடு மீண்டும் சுழியத்தை ஒட்டி இறங்கிவிடும். சரியாக விடையளித்தால் 0.75-ஐ ஒட்டி ஏறும். முதல் சில வினாக்களே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடும் என்று தேர்வர்களிடையே நிலவும் அச்சத்துக்குப் பதில் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது: தொடக்கத்தில் மதிப்பீடு பெரிய அடிகளாக நகர்ந்தாலும், பின்வரும் விடைகள் அதைத் திருத்திக்கொண்டே இருக்கும். இந்த விளக்கத்தைத் தேர்வருக்கான குறிப்பேட்டில் எளிய மொழியில் சேர்த்துவிடுங்கள். தொடக்கத்தில் எல்லா விடைகளும் சரியாகவோ தவறாகவோ இருந்தால் விடைகளை மட்டுமே நம்பும் பெருமச் சாத்தியக்கூற்று முறையால் மதிப்பீடு தர இயலாது என்பதால், முன்னனுமானத்தைப் பயன்படுத்தும் பேயீசிய முறையில் தொடங்குவதே வழக்கம்.

வினா வங்கியைக் கட்டுதல்

தேர்வில் ஒருவருக்கு 20 வினாக்கள் என்றால், வங்கியில் அதைப்போல் எட்டு முதல் பத்து மடங்கு வினாக்கள் இருப்பது பாதுகாப்பான தொடக்கம். ஒவ்வொரு வினாவுடனும் அதன் பாடப்பகுதி, அறிதல் நிலை, எழுதியவர், திருத்தங்களின் வரலாறு, ஒன்றுக்கொன்று விடையைக் காட்டிக்கொடுக்கும் வினாக்களின் பட்டியல் ஆகியவை பதிவாக வேண்டும். இறுதியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு வினாவின் தொடரில் மற்றொன்றின் விடை இருந்தால் இரண்டும் ஒரே தேர்வரிடம் செல்லக் கூடாது என்று கணினிக்குச் சொல்லியாக வேண்டும். வினாக்களைக் க்யூ.டி.ஐ. என்ற பொதுத் தரத்தில் சேமித்தால் நாளை வேறு மென்பொருளுக்கு மாறும்போது அவற்றை மீண்டும் தட்டச்சு செய்ய நேராது.

அளவுத்திருத்தத்துக்குத் தேவையான தேர்வர் எண்ணிக்கை மாதிரியைப் பொறுத்தது. ராஷ் மாதிரிக்கு ஒரு வினாவுக்கு இருநூறு பேர் அளவில் விடையளித்திருந்தால் ஓரளவு நிலையான மதிப்பு கிடைக்கும்; இரு அளவுரு மாதிரிக்கு ஐந்நூறு, ஊகத்தையும் கணக்கிடும் மூன்று அளவுரு மாதிரிக்கு ஆயிரம் என்பன பொதுவாகப் பின்பற்றப்படும் எல்லைகள். புள்ளியியலுக்கான ஆர் நிரல்மொழியில் கிடைக்கும் எம்.ஐ.ஆர்.டி. தொகுப்பு இந்தப் பணிக்குப் போதுமானது; அது கட்டணமற்றது. அளவுத்திருத்தத்துக்கு முன், வினாக்கள் ஒரே திறனைத்தான் அளக்கின்றனவா என்றும், ஒரே பத்தியிலிருந்து எழுந்த வினாக்கள் ஒன்றையொன்று சார்ந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். சம திறனுடைய ஆண்களும் பெண்களும், அல்லது இரு மொழிப் பிரிவினரும், ஒரு வினாவுக்கு வெவ்வேறு அளவில் விடையளிக்கிறார்களா என்பதை மான்டெல்–ஹேன்செல் முறையால் சோதியுங்கள். புள்ளியியல் அடையாளம் காட்டிய வினாவை உடனே நீக்கிவிடாமல், அந்தப் பிரிவைச் சேர்ந்த ஒரு வாசகரிடம் படிக்கக் கொடுத்துக் காரணம் கேளுங்கள்.

வினாக்கள் கசிவது தகவமைத் தேர்வின் பெரும் பலவீனம். 1994-இல் ஒரு பயிற்சி நிறுவனம் தன் ஊழியர்களை ஜி.ஆர்.இ. எழுத அனுப்பி, அவர்கள் நினைவில் கொண்டுவந்த வினாக்களைத் தொகுத்துக் காட்டியது, ஒரே வங்கியை நாள்தோறும் பயன்படுத்துவதில் உள்ள ஆபத்தை உலகுக்கு உணர்த்தியது. அதிகத் தகவல் தரும் வினாவையே எப்போதும் தேர்ந்தெடுக்கும்படி விட்டால், வங்கியின் சிறு பகுதி எல்லோரிடமும் சென்றுவிடும். மீதி ஒருபோதும் பயன்படாது. மிக எளிய தீர்வு, தகவலில் முதல் ஐந்து இடங்களில் உள்ள வினாக்களிலிருந்து ஒன்றைக் குலுக்கல் முறையில் எடுப்பது. இன்னும் கட்டுப்பாடு தேவைப்பட்டால், ஒரு வினா மொத்தத் தேர்வர்களில் நான்கில் ஒரு பங்கினருக்கு மேல் காட்டப்படாதவாறு வரம்பிடும் சிம்ப்சன்–ஹெட்டர் முறையைக் கையாளலாம். எந்த முறையும் துல்லியத்தில் சிறிது விலை கேட்கும். அந்த விலை எவ்வளவு என்பதை அடுத்த படி காட்டும்.

மனிதருக்கு முன் பாவனைத் தேர்வர்

கணினியில் உருவாக்கிய கற்பனைத் தேர்வர்களைக் கொண்டு ஒத்திகை பார்க்கும் இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு நேரடியாகத் தேர்வு நடத்துவதை நான் ஏற்க முடியாத அலட்சியமாகவே கருதுகிறேன், ஏனெனில் இதற்குத் தேவைப்படுவது ஒரு சாதாரணக் கணினியும் ஒரு நாளும் மட்டுமே, தவிர்த்தால் பாதிக்கப்படுவதோ தேர்வர்.

திறன் –3 முதல் +3 வரை அரை அலகு இடைவெளியில் 13 புள்ளிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் ஆயிரம் பாவனைத் தேர்வர்களை உருவாக்கி, உங்கள் வங்கியையும் விதிகளையும் கொண்டு அவர்களுக்குத் தேர்வு நடத்துங்கள். ஒவ்வொருவரின் உண்மைத் திறன் நமக்குத் தெரியும் என்பதால், மதிப்பீடு எவ்வளவு விலகுகிறது என்பதை நேரடியாக அளக்கலாம். ஆர் மொழியின் கேட்-ஆர் தொகுப்பு இதற்கெனவே எழுதப்பட்டது.

முடிவுகளை ஒரு வரைபடமாக்கிப் பாருங்கள். பெரும்பாலும் நடுப்பகுதியில் பிழை சிறியதாகவும் இரு ஓரங்களில் பெரியதாகவும் இருக்கும், ஏனெனில் மிகக் கடினமான வினாக்களையும் மிக எளிய வினாக்களையும் எழுதுவது கடினம், வங்கியில் அவை குறைவு. உங்கள் ஆவணத்தில் எழுதிய முடிவு எந்தப் பகுதியில் விழுகிறதோ அங்கே பிழை ஏற்கத்தக்கதா என்று கேளுங்கள். ஏற்கத்தக்கதாக இல்லையென்றால் எந்தக் கடினத்தன்மையில் எத்தனை வினாக்கள் இன்னும் தேவை என்பது வரைபடத்திலேயே தெரிந்துவிடும். வினா எழுதுவோரிடம் அதைத் துல்லியமான கோரிக்கையாகவே வைக்கலாம். நிறுத்தும் விதியையும் இங்கேதான் தீர்மானிக்க வேண்டும். பிழை வரம்பை மட்டும் நிறுத்தும் விதியாக வைத்தால், ஓரங்களில் உள்ளவருக்கு வங்கி தீரும் வரை தேர்வு நீளும். எனவே அதிகபட்ச எண்ணிக்கை ஒன்றையும் சேர்த்து வையுங்கள். அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் நிதியில் 2004-இல் தொடங்கிய புரோமிஸ் திட்டத்தின் உடல்நல வினாத் தொகுப்புகள் இவ்வாறே இயங்குகின்றன: குறைந்தது 4 வினாக்கள், அதிகம் போனால் 12, சராசரி 50, திட்டவிலக்கம் 10 என அமைந்த அளவுகோலில் பிழை 3-க்குக் கீழே வந்தால் இடையிலேயே நின்றுவிடும்.

புதிய வினா வடிவங்கள்

இழுத்து வைத்தல், படத்தில் தொட்டுக் காட்டுதல், மெய்நிகர் ஆய்வுக்கூடம் போன்றவை கண்ணுக்கு ஈர்ப்பாக இருப்பதாலேயே சேர்க்கப்படுவது உண்டு. ஒவ்வொன்றிடமும் கேட்க வேண்டியது, பலவுள் தெரிவு வினாவால் காட்ட முடியாத எதை இது காட்டுகிறது என்பதே.

இதற்கு நல்ல விடை தந்த ஒரு வினாவை நெருங்கிப் பார்ப்போம். பிசா 2012-இன் சிக்கல் தீர்க்கும் பகுதியில், புதிய குளிர்சாதனக் கருவி ஒன்று வழிமுறைக் குறிப்பு இல்லாமல் திரையில் தரப்பட்டது. அதில் பெயரற்ற மூன்று நழுவு பொத்தான்கள். வெப்பநிலையும் ஈரப்பதமும் வரைகோடுகளாகத் தெரியும். எந்தப் பொத்தான் எதை மாற்றுகிறது என்று மாணவர் இயக்கிப் பார்த்துக் கண்டறிந்து, தொடர்பைக் கோடுகளாக வரைய வேண்டும். ஒரு மாணவர் ஒரு பொத்தானை மட்டும் நகர்த்தி, மற்ற இரண்டையும் அசையாமல் வைத்து, விளைவைப் பார்த்துவிட்டு அடுத்த பொத்தானுக்குப் போகிறார் என்றால், மாறிகளைக் கட்டுப்படுத்தும் அறிவியல் நெறி அவருக்குக் கைவந்திருக்கிறது. மூன்றையும் ஒருசேர நகர்த்தியவர் இறுதியில் சரியான கோடுகளை வரைந்திருந்தாலும் அவர் சென்ற வழி வேறு. இந்த வேறுபாட்டைத் தாளில் உள்ள எந்த வினாவும் நேரடியாகப் பதிவுசெய்யாது. நகர்வுகளின் பதிவேடு அதைக் காட்டிவிடும்.

இத்தகைய வினாவை உருவாக்கும்போது எந்தச் செயல் எதற்குச் சான்று என்பதை நிரல் எழுதுவதற்கு முன்பே தீர்மானியுங்கள். எல்லாவற்றையும் பதிவுசெய்துவிட்டுப் பின்னர் பொருள் தேடலாம் என்று விட்டால், பல்லாயிரம் வரிகள் சேரும். தேவையான ஒன்று மட்டும் அதில் இருக்காது. பகுதி மதிப்பெண் உண்டா என்பதும் முன்பே முடிவாக வேண்டும். ஐந்து படிகளை வரிசைப்படுத்தும் வினாவில் முதல் படியைக் கடைசியில் வைத்தவருக்கு எல்லா இடங்களும் தவறு. ஆனால் மீதி நான்கின் வரிசையும் அவருக்குச் சரியாகவே தெரிந்திருக்கிறது. இடத்தை வைத்து மதிப்பிடாமல் அடுத்தடுத்த இணைகளை வைத்து மதிப்பிட்டால் அவருக்கு நியாயம் கிடைக்கும். நேரத்தையும் மறவாதீர்கள்: ஊடாட்ட வினா ஒன்று நான்கு நிமிடம் எடுத்து, அதே நேரத்தில் முடியும் நான்கு எளிய வினாக்களைவிடக் குறைந்த தகவல் தந்தால், அது எந்தத் தனிச் சான்றைக் கொண்டுவருகிறது என்று விளக்க வேண்டிய பொறுப்பு உங்களுடையது.

மறுமொழி நேரம் பற்றி ஒரு குறிப்பு. ஒரு நீண்ட பத்தியைப் படித்து விடையளிக்க வேண்டிய வினாவுக்கு இரண்டு நொடியில் விடை வந்தால், அது படிக்காமல் தொட்ட விடை. இத்தகைய விடைகளை அடையாளம் காண நேரப் பதிவு மிகவும் பயன்படுகிறது. ஆனால் வேகத்துக்கு மதிப்பெண் தருவது, வேகமும் அளக்கப்படும் திறனின் ஒரு பகுதி என்று உங்கள் ஆவணம் சொன்னால் மட்டுமே முறையாகும்.

எழுத்து விடைகளைக் கணினி திருத்துதல்

கட்டுரைகளைக் கணினியால் மதிப்பிட முடியும் என்று எல்லிஸ் பேஜ் 1966-லேயே வாதிட்டார். இன்றைய மொழி மாதிரிகள் அதை எளிதாக்கியிருக்கின்றன. சரிபார்க்கும் கடமை மட்டும் மாறவில்லை. முதலில் இரு மனிதத் திருத்துநர்கள் ஒருவர் மதிப்பெண்ணை மற்றவர் பாராமல் திருத்தட்டும். அவர்களிடையே உள்ள ஒத்திசைவை, பெரிய வேறுபாட்டுக்குக் கூடுதல் தண்டனை தரும் வர்க்க எடையிட்ட கப்பா அளவால் கணக்கிடுங்கள். கணினிக்கும் மனிதருக்கும் இடையிலான ஒத்திசைவு அதற்கு இணையாக இருக்கிறதா என்று மொத்தமாகவும், ஒவ்வொரு தேர்வர் பிரிவுக்கும் தனித்தனியாகவும் பாருங்கள். நீளமான கட்டுரைக்கு நீளத்துக்காகவே மதிப்பெண் போகிறதா என்று அறிய, ஒரே பத்தியை இருமுறை ஒட்டிய விடையைக் கொடுத்துச் சோதியுங்கள். வழக்கத்துக்கு மாறான விடைகள் மனிதரிடம் செல்லும் வழி திறந்தே இருக்க வேண்டும். மொழி மாதிரியைக் கொண்டு புதிய வினாக்களை வரைவாக எழுதச் செய்யலாம். ஆனால் பாட வல்லுநரின் பார்வையையும் மதிப்பெண் சேராத முன்னோட்டத்தையும் கடக்காமல் அவை வங்கிக்குள் வரக் கூடாது. பயன்பாட்டில் உள்ள வினாக்களை வெளிச் சேவைகளில் ஒட்டுவதும் கசிவுதான்.

உளவியல் சோதனைகளுக்குத் தனிக் கவனம்

தாளில் இருந்த உளவியல் சோதனையைத் திரைக்கு மாற்றும்போது ஒருவரின் மதிப்பெண்ணைப் பிறரோடு ஒப்பிட உதவும் பழைய அட்டவணை அப்படியே பொருந்தும் என்று கொள்ள முடியாது. மீட், டிராஸ்கோ என்ற ஆய்வாளர்கள் 1993-இல் வெளியிட்ட, பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்க்கும் தொகுப்பாய்வில், தாள் வடிவத்துக்கும் கணினி வடிவத்துக்கும் இடையிலான ஒட்டுறவு, திறனை மையமாகக் கொண்ட சோதனைகளில் 0.97 ஆகவும், வேகத்தை மையமாகக் கொண்டவற்றில் 0.72 ஆகவும் இருந்தது. குறியீடுகளை விரைந்து எழுதும் சோதனையில் கையின் இயக்கமும் அளக்கப்படுகிறது. மவுஸ் வந்தால் அந்த இயக்கமே மாறிவிடுகிறது. எனவே வேகச் சோதனைக்குக் கணினி வடிவத்திலேயே புதிய ஒப்பீட்டுத் தரவு திரட்ட வேண்டும். பதிப்புரிமை உள்ள சோதனையை உரிமையாளரின் எழுத்துவழி ஒப்புதல் இன்றித் திரையேற்றக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எதிர்வினை நேரத்தை மில்லி நொடிகளில் அளப்போர் கருவியின் எல்லையை அறிந்திருக்க வேண்டும். நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் ஒரு படம் தோன்றும் கணம் 16.7 மில்லி நொடி இடைவெளிகளிலேயே அமையும். அதன்மேல் கீபோர்டு, தொடுதிரை, பிரவுசர் ஆகியவற்றின் தாமதங்களும் சேரும். ஒரே நபரிடம் இரு நிலைகளை ஒப்பிடும் ஆய்வில் மாறாத தாமதம் கழிந்துவிடும். ஆனால் வெவ்வேறு கருவிகளில் அமர்ந்த இருவரை ஒப்பிடும்போது கழியாது. அத்தகைய ஒப்பீடு தேவையெனில் எல்லோருக்கும் ஒரே வகைக் கருவியைத் தாருங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது தேர்வரின் பாதுகாப்பு. மனத்தளர்ச்சியை அளக்கும் பி.எச்.க்யூ.-9 வினாப்பட்டியலின் ஒன்பதாம் வினா, இறந்துவிட்டால் நல்லது என்ற எண்ணமோ தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணமோ உண்டா என்று கேட்கிறது. தாளை வாங்கிப் பார்ப்பவர் அந்த விடையைக் கண்ணால் காண்பார். கணினியோ அதைக் கூட்டுத்தொகைக்குள் புதைத்துவிடக்கூடும். தகவமைத் தேர்வில் நிலை இன்னும் சிக்கலானது, ஏனெனில் தகவல் குறைவு என்று அத்தகைய வினாவையே கணினி தவிர்த்துவிடலாம். ஆகவே ஆபத்தை உணர்த்தும் வினாக்கள் எல்லோருக்கும் கட்டாயமாகக் காட்டப்பட வேண்டும். விடை வந்தவுடன் பொறுப்பான மனிதர் ஒருவருக்குத் தகவல் போக வேண்டும். தேர்வரின் திரையிலும் உதவி பெறும் வழி தெரிய வேண்டும். அந்நேரத்தில் பதிலளிக்க யாரும் இல்லையென்றால் அந்தச் சோதனையை மேற்பார்வையின்றி இணையத்தில் திறந்து வைக்காதீர்கள்.

அணுகலும் நடத்துதலும்

மவுஸ் இன்றிக் கீபோர்டால் மட்டுமே தேர்வு முழுவதையும் எழுத முடிகிறதா என்று ஒருமுறை நீங்களே எழுதிப் பாருங்கள். எழுத்தை இருமடங்கு பெரிதாக்கினால் வினாவும் விடைத்தெரிவுகளும் சிதையாமல் நிற்கின்றனவா, திரைவாசிப்பான் படத்துக்கு விளக்கம் சொல்கிறதா, நிறத்தை மட்டும் நம்பி எதுவும் கேட்கப்படுகிறதா என்பவற்றை மாற்றுத்திறனாளிகளுக்கும் இணையம் எட்டுவதற்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. அணுகல் நெறிகளை வைத்துச் சரிபாருங்கள். இழுத்து வைக்கும் வினாவுக்கு இணையான கீபோர்டு வழி இல்லையென்றால், பார்வைக் குறைபாடுள்ளவருக்கு அது திறனை அளக்காது.

ஒவ்வொரு விடையும் தேர்வரின் கருவியிலும் சர்வரிலும் உடனுக்குடன் சேமிக்கப்பட வேண்டும். இணைப்பு அறுந்து மீண்டும் லாகின் செய்தால் அதே வினா, அதே மீதி நேரத்துடன் திறக்க வேண்டும். அறுந்திருந்த நேரம் தேர்வரின் கணக்கில் சேரக் கூடாது. தேர்வு நடக்கும்போதே மின்கம்பியைப் பிடுங்கிச் சோதித்துப் பார்க்காத அமைப்பை நம்ப வேண்டாம். எல்லோரும் ஒரே நிமிடத்தில் நுழையும்போதுதான் சர்வர் தடுமாறும் என்பதால், எதிர்பார்க்கும் எண்ணிக்கையைவிடக் கூடுதல் சுமையில் ஒத்திகை நடத்துங்கள். கேமரா வழித் தொலைக் கண்காணிப்பில், மென்பொருள் எழுப்பும் ஐயம் வெறும் ஐயமாகவே நடத்தப்பட வேண்டும். உடல் நடுக்கம் உள்ளவரும், பார்வையை விலக்கிச் சிந்திக்கும் பழக்கம் உள்ளவரும் அதில் எளிதாகச் சிக்குவார்கள். பதிவைப் பார்த்து முடிவெடுப்பது மனிதராகவும், அதை எதிர்த்து முறையிடும் வழி தேர்வருக்குத் தெரிந்ததாகவும் இருக்க வேண்டும்.

தொடங்கிய பின்

தேர்வு நடைமுறைக்கு வந்தபின் வினாக்களின் அளவுருக்கள் நகரும். பாடத்திட்டம் மாறினாலோ வினா வெளியே கசிந்தாலோ அது எளிதாகிவிடும். மதிப்பீடு மட்டும் பழைய கடினத்தன்மையை வைத்தே நடந்துகொண்டிருக்கும். எனவே ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒவ்வொரு வினாவுக்கும் எதிர்பார்த்த சரிவிடை விகிதத்தையும் கிடைத்த விகிதத்தையும் ஒப்பிடுங்கள். விகிதம் உயர்ந்து மறுமொழி நேரம் குறைந்திருந்தால் கசிவை ஐயுற்று அந்த வினாவை நிறுத்தி வையுங்கள். ஒவ்வொரு தேர்வருக்கும் மதிப்பெண் சேராத சில புதிய வினாக்களை இடையில் கலந்து தந்தால், தனி முன்னோட்டம் இல்லாமலேயே வங்கி புதுப்பிக்கப்பட்டுக்கொண்டிருக்கும். இவ்வாறு கலக்கப்படுவதைத் தேர்வர்களுக்கு முன்பே அறிவித்துவிட வேண்டும். நீக்கியவையும் சேர்த்தவையும் வங்கியின் பத்தில் ஒரு பங்கைத் தாண்டியதும், பாவனைத் தேர்வர்களை மீண்டும் ஓட்டி, நிறுத்தும் விதியும் பிழை வரைபடமும் இன்னும் பொருந்துகின்றனவா என்று சரிபார்த்த பின்னரே அடுத்த சுற்றைத் திறக்க வேண்டும்.